முருமுரு பட்டர்: பொடுகுத் தலைக்குத் தேய்க்கலாமா?

வேப்பம்பூ:
வணக்கம். லிப் பாம், முடிக்கு கிரீம் என்று வீட்டிலேயே செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து வருகிறேன். ஷியா பட்டர் போட்டால் கனமாகப் பிசுபிசுவென்று இருக்கிறது என்றார்கள், அதனால் இந்த முறை முருமுரு பட்டர் 100 கிராம் வாங்கினேன், அமேசான் காட்டுப் பனை ஒன்றின் விதையிலிருந்து எடுப்பதாம், விலையும் அதிகம். எனக்குச் சுருட்டை முடி, நுனியெல்லாம் வறண்டு கிடக்கும், கூடவே பொடுகு. இதை அப்படியே மண்டையில் தேய்க்கலாமா? அப்புறம், சென்னை வெயிலில் டப்பாவுக்குள்ளேயே உருகி, மறுபடி உறைந்தபோது ரவை ரவையாக ஆகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

சோப்புச்சட்டி:
கெடவில்லை. முருமுரு 33 டிகிரி வாக்கில் உருகும், நம் வீட்டுச் சூடே போதும். அதிலுள்ள கொழுப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் உறைவதில்லை, மெதுவாக ஆறினால் சில முந்திக்கொண்டு உறைந்து குருணை கட்டும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து ஒரு கட்டிகூட இல்லாமல் உருக்கி, உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள், வழவழப்பாகிவிடும். காறல் வாடை அடித்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

மண்டையில் வேண்டாம். இதில் பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம், கால் பங்குக்கு மேல் மிரிஸ்டிக் அமிலம். பொடுகோடு சம்பந்தப்பட்ட மலசீசியா பூஞ்சைக்கு இந்த மாதிரிக் கொழுப்பு அமிலங்கள்தான் தீனி. தேங்காய் எண்ணெய்க்கும் இதே கதைதான், பொடுகு இருக்கிறவர்கள் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு தூங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. காதுக்குக் கீழே, முடியின் நுனிப் பக்கம் மட்டும் தடவுங்கள்.

ஈரக்கூந்தல்:
மேலே சொன்னது சரி. ஆனால் அமிலக் கணக்கில் இது கிட்டத்தட்ட தேங்காய் எண்ணெய்தான் என்றால் எதற்கு இவ்வளவு காசு கொடுக்க வேண்டும் என்று நானும் முதலில் நினைத்தேன். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கி, கழுவும்போது புரதம் போவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது, லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். ஆகவே குளிப்பதற்கு முன்னால் தடவத் தேங்காய் எண்ணெயே போதும், அதற்கு முருமுருவை வீணாக்காதீர்கள்! குளித்த பிறகு தடவும் கிரீமில்தான் வித்தியாசம் தெரியும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே தண்ணீராகிவிடும், இது அதைவிடக் கெட்டி, விரலில் தேய்த்தால் இளகி முடிமேல் மெல்லிசாகப் படியும், சுருள் பிரிந்து பறக்காது. நான் 100 கிராம் கிரீமுக்கு 5 கிராம்தான் போடுகிறேன், அதற்கு மேல் போனால் என் முடி தொங்கிவிடுகிறது. லிப் பாம் என்றால் தேன்மெழுகு சேர்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கைப்பையிலேயே ஓடிவிடும்.

ஆற்றோரம்:
மரத்தைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பிரேசில், பெரு, பொலிவியா என்று அமேசான் படுகை முழுக்க, வெள்ளம் ஏறி இறங்கும் ஆற்றங்கரைகளில் வளரும் பனை இது, தண்டு முழுக்க நீள நீளமான கறுப்பு முள். மரம் ஏறுகிற பேச்சே கிடையாது, பழுத்துத் தரையில் விழுந்த காய்களைத்தான் பொறுக்குகிறார்கள். சதையை விலங்குகள் தின்றுவிட, மிஞ்சிய கொட்டையைக் காயவைத்து, உடைத்து, பருப்பை ஆட்டி எடுக்கிற கொழுப்புதான் உங்கள் டப்பாவில் இருப்பது. முள்ளுக்குப் பயந்து வெட்டித் தள்ளும் மரத்துக்குக் கொட்டையால் ஒரு விலை கிடைத்தால் அது நிற்கும் என்பதால், இந்த வியாபாரம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் லாபம் யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரேசிலின் ஆக்ரே மாநிலத்தில் அஷானிங்கா பழங்குடியினர் தங்கள் முருமுரு அறிவைச் சில நிறுவனங்கள் எடுத்துச் சோப்பு செய்து விற்றுவிட்டு உரிய பங்கு தரவில்லை என்று சொல்ல, 2007-இல் அது வழக்காகவே போனது. கடைக்காரரிடம் கொட்டை எந்த ஊரிலிருந்து, யார் பொறுக்கியது என்று கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் அவர்களும் விசாரிப்பார்கள்.

வேப்பம்பூ:
எல்லோருக்கும் நன்றி. உருக்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன், குருணை போய்விட்டது. இன்று நுனியில் மட்டும் பட்டாணி அளவு தடவினேன், பிசுபிசுப்பு இல்லை. கடைக்காரருக்கும் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.