தலைப்பக்கம் கீழே 30 பாகை சாய்வு: பிளாட்டோ அழுத்தம் இறங்க மறுக்கிறது

கொழும்பில் தியேட்டரில் மயக்கமருந்துப் பக்கம் நிற்கும் அண்ணன்மார், அக்காமார், ஒரு யோசனை சொல்லுங்கோ.

லப்பரஸ்கொப்பியில் (சிறு துளை வழியே) கர்ப்பப்பை அகற்றல். உயரம் 155 செ.மீ., எடை 88 கிலோ. மெஷின் ஒரு மூச்சுக்குத் தள்ளும் மூச்சளவை 88க்கு இல்லை, உயரத்துக்குரிய 48 கிலோவுக்குத்தான் கணக்கிட்டது: கிலோவுக்கு 7 மி.லீ. வீதம் 340. பீப் (மூச்சு வெளியேறிய பின்னும் நுரையீரலில் விட்டுவைக்கும் அழுத்தம்) 5 செ.மீ. நீர். நேராகப் படுத்திருக்கையில் பிளாட்டோ (மூச்சை உள்ளே தள்ளி ஒரு கணம் நிறுத்திப் பார்க்கும் அழுத்தம்) 16. வயிற்றுக்குள் வாயு அழுத்தம் 15 மி.மீ. பாதரசம் ஏறி மேசையும் சாய்ந்ததும் 31. ஒட்சிசன் செறிவு 99இலிருந்து 93.

முதலில் பார்த்தது மூச்சுக்குழாய்க்குள் போட்ட டியூப். உதரவிதானம் மேலே தள்ள, மூச்சுக்குழாய் பிரியும் இடமும் கூடவே ஏறும். வாயோரம் ஒட்டிய பிளாஸ்டர் அசையாமலே நுனி வலது பக்கம் போய்விடும். இடது பக்கம் சத்தம் குறைவு. 21 செ.மீ.இலிருந்து 19.5க்கு இழுத்தபின் செறிவு 97, பிளாட்டோ 28.

பீப்பைக் கழித்தால் இன்னும் 23. அதில் ஒரு பங்கு நெஞ்சுச்சுவரின் பாரம்தான், ஆனாலும் உறுத்துகிறது.

நீங்கள் முதலில் நுரையீரலை விரித்துவிட்டு பீப்பை 8–10க்கு ஏற்றுவீர்களா, சர்ஜனிடம் வாயுவை 12க்கும் சாய்வை 20க்கும் குறைக்கக் கேட்பீர்களா? பிரஷர் கொன்ட்ரோல் (மூச்சளவுக்குப் பதில் அழுத்தத்தை நிர்ணயிக்கும் முறை) மட்டும் வேண்டாம்: உச்ச அழுத்தம்தான் இறங்கும், பிளாட்டோ அப்படியே. அந்த முறையில் வாயுவை வெளியே விட்டு மேசையை நிமிர்த்தியதும் மூச்சளவு எகிறிவிடும்.