பெரிய ஊட்டு சொந்தங்கள்: ஞாயித்துக்கிழமை நடை

கவிதா: எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை என்கூட வேலை செய்யறவங்க 6 பேர் பெங்களூருல இருந்து நம்மூருக்கு வராங்க. காலையில கொல்லைமேடெல்லாம் நடந்து பாத்துட்டு மதியம் சாப்பிட்டுக் கெளம்பிடுவாங்க. கூட யார் வரீங்க?

சரோஜா அத்தை: சோறா களியா

மாதேஷ்: நான் வரேங்க்கா

முனிராஜ் பெரியப்பா: கவிதா, நல்லா கேட்டுக்கம்மா. 6 மணிக்கெல்லாம் ஏரிக்கரையில இருக்கணும். 9 தாண்டுனா பங்குனி வெயில் பாறைமேல கால் வைக்க உடாது. கரையில இருக்கற புங்கமரம் அத்தனையும் தளிர் உட்டிருக்கு, எண்ணெய் தடவுனாப்ல மின்னுது. இன்னும் பத்து நாள் போனா எலை கருத்துடும். வேம்பும் பூ எடுத்தாச்சு. அப்புறம் புளியந்தோப்பு. மேல ஏறி உலுக்கிட்டு இருந்தாங்கன்னா அடியில நிக்க வேணாம். அங்கிருந்து வண்டிப்பாட்டையில போனா வேடியப்பன் கல்லு.

திம்மராயன் சின்னப்பா: அது வண்டிப்பாட்டை இல்லண்ணா. என் மாந்தோப்பு, வேலி போட்டாச்சு.

செல்வி: ஆரம்பிச்சாச்சு

சரோஜா அத்தை: திம்மா, புளி அடிச்சாச்சா? எனக்கு கொட்டை எடுத்தது 5 கிலோ வேணும்

திம்மராயன் சின்னப்பா: ஓடு தட்டுனது மட்டும்தான் இருக்கு. கொட்டை எடுக்க ஆள் கெடைக்கல

சரோஜா அத்தை: நானே வந்து எடுத்துக்கறேன். அம்மா இருந்தா இன்னேரம் திண்ணை பூரா புளியா இருக்கும்

கவிதா: மாமா, வேலிக்கு வெளிய சுத்திப் போனா கல்லுகிட்ட போக முடியுமா?

மாதேஷ்: முடியாதுக்கா. அந்தப் பக்கம் முள்ளு

செல்வி: மலையடியில சிறுத்தைன்னு ஒரு வாய்ஸ் சுத்துதே, கேட்டீங்களா

மாதேஷ்: அது போன வருசத்து வாய்ஸ். எந்த ஊர்னே தெரியல

சரோஜா அத்தை: எதுக்கும் ஆட்டை உள்ள கட்டுங்க

முனிராஜ் பெரியப்பா: பேச்சு எங்கயோ போவுது. அந்தப் புள்ளைங்க எத்தனையோ மலையைப் பாத்திருப்பாங்க. நம்ம கல்லைப் பாக்காம போவக்கூடாது. மாட்டை மீக்கப் போய் உயிரை உட்டவனுக்கு நட்ட கல்லு அது. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இந்த மாதிரி நடுகல்லைத்தான் வேடியப்பன்னு சாமியா கும்புடறோம். பல்லவர் காலத்துல வட்டெழுத்துல பேர் வெட்டுன கல்லெல்லாம் இந்தப் பக்கம் கெடைச்சிருக்கு. நம்ம கல்லுல எழுத்து இல்ல. ஆனா வில்லு புடிச்ச கையும், ஒரு பக்கமா சாஞ்ச கொண்டையும், காலடியில ரெண்டு மாடும் இருக்கு. ஒரு மாட்டுக்குக் கொம்பு உள்ளங்கை ரேகை அளவுக்குத்தான் தேஞ்சு நிக்குது. காலை வெயில் பக்கவாட்டுல உழும்போது மட்டும்தான் அது கண்ணுக்குத் தெரியும். அதுக்குத்தான் 6 மணின்னு சொல்றேன்.

கவிதா: கொம்பு இருக்கறதே எனக்குத் தெரியாது மாமா

முனிராஜ் பெரியப்பா: எங்கப்பா என் வெரலைப் புடிச்சுத் தடவிக் காட்டுனாரும்மா. உருவம் தெரியணும்னு சுண்ணாம்பு, பெயிண்ட்டு எதுவும் பூச உடாதீங்க. கல்லு இப்ப வலது பக்கம் சாஞ்சிருக்கு. வேலிக்கு ஜேசிபி உட்ட நாள்ல இருந்து.

செல்வி: பெரிப்பா…

திம்மராயன் சின்னப்பா: குழி 3 அடி தள்ளித்தான் எடுத்தது

திம்மராயன் சின்னப்பா: அது எனக்கும் சாமிதான்

திம்மராயன் சின்னப்பா: வேலி ஏன் போட்டேன்னு யாராச்சும் கேட்டீங்களா? பெங்களூரா மாங்கா இப்பத்தான் எலுமிச்சங்கா அளவு வந்திருக்கு. கூழ் ஆலைக்குப் போற காயி. போன வருசம் பிஞ்சுலயே அடிச்சு மூட்டை கட்டிட்டுப் போனாங்க. ராத்திரி காவலுக்கு நான்தான் படுத்தேன், ஒருத்தரும் வரல.

முனிராஜ் பெரியப்பா: எனக்கு நீ சொல்லவே இல்லியே திம்மா

திம்மராயன் சின்னப்பா: பேசிட்டா இருந்தோம்?

சரோஜா அத்தை: களிக்கு மாவு அரைக்கணும், எத்தனை பேருன்னு சொல்லுங்க

மாதேஷ்: மதியத்துக்கு மேல மயிலாடும்பாறை கூட்டிட்டுப் போலாமாக்கா? தொகரப்பள்ளி பக்கம்தான்

முனிராஜ் பெரியப்பா: அவசியம் போங்க. அங்க தோண்டி எடுத்த இரும்புக்கு கி.மு. 2172னு காலம் கணிச்சு 2022ல சட்டமன்றத்துலயே அறிவிச்சாங்க. 4000 வருசத்துக்கு மேல. மதியம் வேணாம், சாயந்திரம் 4 மணிக்கு மேல போங்க.

கவிதா: அப்ப சாயந்திரம் வரைக்கும் இருக்கச் சொல்றேன். சின்ன மாமா, தோப்பு வழியா வரலாமா? ஒரு பிஞ்சைக்கூட தொட மாட்டாங்க, நான் பொறுப்பு

திம்மராயன் சின்னப்பா: சாவி மாதேசுகிட்ட இருக்கு

முனிராஜ் பெரியப்பா: கல்லை நிமுத்தறதுக்கு?

திம்மராயன் சின்னப்பா: அறுப்பு முடியட்டும்ணா. ஆள் வச்சுப் பாத்துக்கலாம்

முனிராஜ் பெரியப்பா: அறுப்பு முடிய ஆடி ஆயிடும். மழைக்கு முன்ன சாயாம இருக்க ஒரு முட்டாச்சும் குடுக்கணும்

திம்மராயன் சின்னப்பா: ஞாயித்துக்கிழமை நீயும் வா. பாத்துட்டுப் பேசலாம்

சரோஜா அத்தை: அப்ப அண்ணனையும் சேத்து 9 பேரா? திம்மா நீ சாப்புடுவியா இல்லியா

மாதேஷ்: அப்பா சாப்புடுவாரு அத்தை. கீரை கடைஞ்சுடுங்க