வீட்டிலேயே ஜிக் ஊற்றியவர்கள் வாங்க, இன்னும் மனசில் உறுத்துகிற ஒரு சம்பவத்தைச் சொல்லுங்க

வாய்க்கால்மேடு
ஜிக் ஹெட் என்றால் தலையில் ஈயக் குண்டு வைத்த தூண்டில் முள் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போன ஆவணி, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்ட புதிது. கடையில் வாங்குகிற ஜிக் எல்லாம் ஒரே சாயங்காலத்தில் கல்லில் மாட்டி அறுந்து போகிறதே என்று டயர் கடையில் வீல் பேலன்ஸ் ஈயம் ஒரு மஞ்சப்பை நிறைய வாங்கி வந்தேன். அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மொட்டைமாடி வெயிலில் மூன்று நாள் காய்ந்தது, தொட்டால் சாக்பீஸ் மாதிரி இருந்தது. முள்ளை வைத்து, இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டி, கரண்டியைச் சாய்த்தேன்.

டப்!

ஊற்றின ஈயம் போன வழியே திரும்பி வந்தது. எனக்குச் சத்தம்தான் கேட்டது, வேறொன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இடது கண்ணுக்கு முன்னால் ஏதோ மறைப்பது தெரிந்து கண்ணாடியைக் கழற்றினேன். லென்ஸில், சரியாகக் கருவிழிக்கு நேராக, மிளகு அளவுக்கு ஒரு ஈயப் பொட்டு. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. கீழேயிருந்து வீட்டுக்காரம்மா, "ஏனுங், என்ன சத்தம்?" என்றார். "பக்கத்து ஊட்ல குக்கரு" என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பவர் வந்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் இந்த வேலையை ஆரம்பித்திருந்தால் என்று நினைத்தால் இன்னமும் தூக்கம் போகிறது.

கணபதி பவுண்டரிக்காரன்
வெயிலில் மூன்று நாள் காய வைப்பது வடாத்துக்குச் சரிங்க, அச்சுக்குச் சரியில்லை.

என் கதை சின்னது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஈரக் கரண்டியை உருகின உலோகக் குழம்பில் விட்டேன். மேஸ்திரி என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். காலர் கிழிந்தது, நான் தப்பித்தேன். அவ்வளவுதான்.

இப்போது வாய்க்கால்மேடு அண்ணனுக்கு. பிளாஸ்டர் கெட்டியாவதே தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டுதான். காய்ந்த பிறகும் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் அதற்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். ஈயம் உருகுவது 327 டிகிரியில். அந்தச் சூடு பட்டதும் தண்ணீர் ஆவியாகும். ஒரு சொட்டு, ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருக்கும். அது போக வழி? நீங்கள் ஊற்றுகிற அந்த ஒரே ஓட்டைதான். பழைய ஓவன் ஏதாவது கிடைத்தால் 120 டிகிரியில் சில மணி நேரம் வையுங்கள். அப்புறம் அந்த ஓவனில் கேக் செய்யாதீர்கள். முதல் இரண்டு மூன்று ஊற்று அச்சைச் சூடாக்கத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், நல்ல ஜிக் வராது. தொடர்ந்து ஊற்றுவதாக இருந்தால் அலுமினிய அச்சுக்குப் போய்விடுங்கள். அதையும் சூடாக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

இன்னொன்று. டயர் கடை மஞ்சப்பையில் எல்லாமே ஈயம் என்று நம்பாதீர்கள், இப்போது துத்தநாகத்திலும் வருகிறது. அது உருக 420 டிகிரி வேண்டும். ஈயம் உருகியதும் மேலே மிதக்கிற கட்டியை ஓட்டைக்கரண்டியால் எடுத்து எறியுங்கள். அது கரைகிற வரை சூட்டை ஏற்றினால் மொத்தக் குழம்பும் கெட்டது. சமையல் பாத்திரம் கூடாது, காற்றோட்டம் வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முறுக்கு தின்னக் கூடாது, அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது. ஈயம் உடம்புக்குள் போனால் பாதிப்பு முதலில் பிள்ளைகளுக்குத்தான். கேட்காமலே நிறையச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சத்தி குட்டை
நான் உருக்கியது டயர் ஈயம் இல்லை. அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) வீட்டு அட்டாலியில் ரசம் வைக்கிற ஒரு ஈயச்சொம்பு, ஒடுங்கி, கறுத்து, பல வருடமாக யாரும் தொடாதது. ஈயம் ஈயம்தானே என்று எடுத்து வந்துவிட்டேன். இரும்புக் கரண்டியில் வைத்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் தண்ணீராக நின்றது. ஜிக் வெள்ளி மாதிரி பளபளத்தது. பத்து கிராம் அச்சு, தராசில் வைத்தால் ஆறரை கிராம்தான் காட்டியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆனால் மறுநாள் குட்டையில் ஆகாயத்தாமரை ஓரமாகப் போட்டால், மற்ற ஜிக் மாதிரி கல்லாகப் போய் விழாமல் நிதானமாக, இலை விழுவது போல இறங்கியது. பாதி ஆழம்கூடப் போயிருக்காது, விரால். இரண்டு கிலோ இருக்கும். என் வாழ்க்கையில் அதுதான் பெரிசு.

அமுச்சிதான் குழம்பு வைத்தார். தலையை அவருக்கே வைத்தோம். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "கொழம்பு நல்லாருக்குது கண்ணு. கூட ஒரு ரசம் வெக்கலாமுன்னு பாத்தேன். அந்தச் சொம்பத்தான் எங்க வெச்சேன்னு தெரியல."

எனக்கு அதற்கு மேல் ஒரு வாய் இறங்கவில்லை.

கணபதி பவுண்டரிக்காரன்
அட சாமி. அது வெள்ளீயம். ஜிக் ஊற்றுவது காரீயம். பேர்தான் ஒன்று, உலோகம் வேறு. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். ரசத்தை ஊற்றாமல் காலிச் சொம்பை அடுப்பில் வைக்காதே என்று கத்துவார்களே, அதற்குத்தான். கனமும் காரீயத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை, அதனால்தான் மெதுவாக இறங்கியது. சந்தேகம் இருந்தால் மெல்லிய துண்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து வளைத்துப் பாருங்கள். வெள்ளீயம் கிரீச்சென்று கத்தும். காரீயம் கத்தாது, பேப்பரில் தேய்த்தால் கறுப்பாகக் கோடு போடும்.

பனியன்கம்பெனி
ஈயத்தை விடுங்கள், ஜிக் முள்ளில் இரையாகக் கோர்க்கிற சாஃப்ட் பிளாஸ்டிக் உருக்கிய யாரும் இல்லையா? கிழிந்த ரப்பர் புழுக்களைச் சேர்த்து எவர்சில்வர் டம்ளரில் உருக்கினேன். 170, 180 டிகிரியில் தேன் மாதிரி வரும், அதோடு நிறுத்த வேண்டும். போன் வந்தது, பேசிக்கொண்டிருந்தேன். மஞ்சளாகி, புகைந்து, கண்ணும் தொண்டையும் எரிந்து தெருவுக்கு ஓடினேன். அது பி.வி.சி. கருகினால் வருவது ஆசிட் புகை.

ஆனால் எனக்கு உறுத்துவது அது இல்லை. நன்றாக வந்த இருபது புழுவை, கடையில் வாங்கின நீள இழுபடுகிற ரகத்தோடு ஒரே டப்பாவில் போட்டு வண்டி டிக்கியில் வைத்திருந்தேன். சித்திரை வெயில். திறந்தால் இருபதும் இல்லை. கடைப் புழுவும் என் புழுவும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, டப்பாவின் அடியையும் தின்று, அல்வா மாதிரி கிடந்தது. ரகத்துக்கு ஒரு கவர் போடுங்கள். ஜிக்கில் கட்டுகிற குஞ்சத்துக்கு மட்டும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை, எலாஸ்டிக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்.

கொடிவேரி செருப்பு
இவ்வளவு அடுப்பு வேலை எதற்கு? பிய்ந்த ஹவாய் செருப்பைத் தவளை மாதிரி செதுக்கி, இரட்டை முள் வைத்தால் விரால் வராதா? எனக்கு வந்தது. தண்ணீரில் செக்கச்செவேல் என்று ஒரு கொத்து கொதிப்பது போலத் தெரிந்தது. அது குஞ்சுக்கூட்டம் என்று தெரிந்தேதான் அதன் மேல் போட்டேன். காவல் இருந்த விரால் பாய்ந்து அடித்தது. பசிக்கு அடித்ததில்லை அது. மனசு கேட்காமல் முள்ளைக் கழற்றி விட்டுவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் சிவப்புக் கொத்து இருந்த இடத்தில் ஜிலேபிக் கெண்டைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

சத்தி தம்பி, உங்கள் இரண்டு கிலோவும் குஞ்சோடு இருந்ததா என்று பார்த்தீர்களா?

சத்தி குட்டை
அது மார்கழி. குஞ்சு எதுவும் கண்ணில் படவில்லைங்க. சும்மா இருக்கிறவனை ஏன் கிளறுகிறீர்கள்?

புதுசு
பழைய பைக் பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கலாமா?

கணபதி பவுண்டரிக்காரன்
தொடாதீர்கள். உள்ளே கந்தக ஆசிட், ஈயத் தூள். கடையில் கொடுத்துவிட்டுக் காசு வாங்குங்கள்.

வாய்க்கால்மேடு
லென்ஸ் மாற்றவில்லை. பொட்டோடு அந்தக் கண்ணாடியை உருக்குகிற இடத்திலேயே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். இப்போது முகத்துக்கு முழு ஷீல்டு.

சத்தி குட்டை
பவுண்டரி அண்ணா, அச்சு வாயில் நின்ற துண்டை நேற்று ராத்திரி வளைத்துப் பார்த்தேன். கத்தியது. இன்னும் நான்கு ஜிக் இருக்கிறது. குட்டைக்குக் கொண்டு போகவும் கை வரவில்லை, அமுச்சியிடம் சொல்லவும் வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். கோயமுத்தூரில் புதுச் சொம்பு எங்கே கிடைக்கும், யாருக்காவது தெரியுமா?