நூதனசாலையில் 'பொன்மணி'

அன்பான அண்ணன்மார், அக்காமார், மச்சான் மச்சாள்மார் எல்லாருக்கும்,

போன சனிக்கிழமை பின்னேரம் மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருக்கிற நூதனசாலையில் (மியூசியத்தில்) 'பொன்மணி' படம் போட்டார்கள். ஊரிலிருந்து ஒரு வான் பிடித்துப் போனோம். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கதிரை போதாமல் பொடியன்மார் நிலத்தில் இருந்தார்கள்.

படத்துக்கு முன் பேசியவர் நமது நாடக மாஸ்டர். உங்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் வேஷம் கட்டிவிட்டவர் அவர்தான். இப்போது நடை தளர்ந்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் வந்த இந்தப் படத்தை எடுத்த தர்மசேன பத்திராஜா ஒரு சிங்களவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர் என்று தொடங்கினார். கதையும் வசனமும் காவலூர் ராஜதுரை, இசை எம். கே. றொக்சாமி. கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராக நாம் அறிந்த சித்திரலேகா மௌனகுரு இதில் நடித்திருக்கிறார் என்றதும், படம் தொடங்க முன்னமே சனம் திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் சென்னைப் படங்களின் பேச்சைக் கேட்டே பழகிய நமக்கு, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுகிற ஆட்களைப் பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள் என்றார்.

ஆனால் அவர் நேரம் எடுத்துப் பேசியது சீதனத்தைப் பற்றித்தான். படம் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் கதை. சீதனத்துக்கு வழியில்லாமல் அக்கா கலியாணம் ஆகாமல் இருக்க, தங்கச்சி பொன்மணி வேறு சாதிப் பொடியன் ஒருவனை விரும்புகிறாள். இதைப் பார்த்துவிட்டு "இது யாழ்ப்பாணத்தார் கதை" என்று எழும்பிப் போகாதீர்கள் என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டார். நமது பக்கம் தாய்வழிக் குடி, கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான், வீடு வளவு பெண்பிள்ளைக்கு. இதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். சரி, அந்த வீட்டை யார் கட்டுகிறது? மகளுக்கு வீடு எழுப்ப வேண்டும் என்று தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள், தங்கச்சிக்கு வீடு முடியும்வரை அண்ணன் கலியாணம் பேசாமல் இருக்கிறான். மாஸ்டர் இதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த பெண்கள் தலையாட்டினார்கள்.

படம் முடிந்த பிறகும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் யாரும் எழும்பவில்லை. கதையின் முடிவை நான் இங்கே எழுதவில்லை, பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். தோஹாவில் பல வருடம் இருந்து வந்த ஒரு அக்கா எழுந்து, தான் கட்டிய வீட்டில் தான் படுத்து எழும்பியது கொஞ்ச நாள்தான் என்று சொன்னா. அதற்கு மேல் அவவால் பேச முடியவில்லை. வெளிநாட்டில் இருக்கிற நம்மில் எத்தனை பேரின் காசு இப்படி ஒரு வீட்டுக்குள் போயிருக்கிறது! அதைப் பற்றி நாம் ஒன்றுகூடலில் ஒரு நாளும் கதைத்ததில்லை. அடுத்த ஒன்றுகூடலில் சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் முதல் இந்தப் படத்தைப் போட்டு, இதைக் கதைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அறிமுகம் செய்ய மாஸ்டரையே வீடியோவில் கூப்பிடலாம், அவர் சம்மதித்துவிட்டார். ஊரைத் தெரிந்த ஒருவர் முன்னுக்கு நின்று சொல்லாவிட்டால் இந்தப் பேச்சே வந்திராது.

இன்னொரு விசயம். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா சினிமா ஸ்டூடியோவை எரித்தபோது எத்தனையோ படங்களின் மூலச் சுருள்கள் அழிந்துபோயின. நமது ஈழத்துப் படங்களில் பலவற்றுக்கு இப்போது மிஞ்சியிருப்பது நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் பேப்பர் விளம்பரமும்தான். அதுகூட நம் பெட்டிகளுக்குள் இருக்கும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ சூரிச்சிலோ யாரிடமாவது மட்டக்களப்பு டவுன் சாந்தி தியேட்டரில் வாங்கிய பாட்டுப் புத்தகம், பழைய போட்டோ ஏதும் இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் ஸ்கான் பண்ணி எனக்கு அனுப்புங்கள். ஈழத்துப் புத்தகங்களையும் ஆவணங்களையும் சேர்த்து வைக்கிற 'நூலகம்' இணையத்தளத்தில் ஏற்ற முடியுமா என்று நான் கேட்டுப் பார்க்கிறேன்.

அடுத்ததாகக் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்து 1972இல் வந்த 'குத்துவிளக்கு' படத்தைப் போட வேண்டும் என்று மாஸ்டர் கேட்கிறார். தெளிவான பிரதி வைத்திருப்பவர்கள் இந்த மாத முடிவுக்குள் அறியத் தாருங்கள்.