புதுப்பிப்பு: எருக்கஞ்செடிக்கு மருந்து அடிக்கவில்லை

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நட்ட எருக்கஞ்செடியைப் புழுக்கள் தின்கின்றன, மருந்து அடிக்கலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பலரும் தடுத்ததால் அடிக்கவில்லை. கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் மஞ்சள் புள்ளிகளும் முதுகில் மூன்று ஜோடியாக நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு இழைகளும் கொண்ட அவை வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுக்கள் என்பதும், எருக்கம்பாலின் நச்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் பெரும்பாலும் அவற்றைத் தவிர்க்கின்றன என்பதும் பிள்ளைகளுக்குப் பெரும் வியப்பாக இருந்தன. இலைக்கடியில் தொங்கிய பச்சைக் கூட்டுப்புழுவின் தோல் வழியே செம்மஞ்சள் இறகு தெரிந்த காலையில் கணக்குப் பாடம் நடக்கவில்லை. அதற்காக நான் வருந்தவுமில்லை. பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால், கிளை ஒடிப்பதைப் பெரியவர்களே செய்கிறோம். மொட்டையாகிப்போன கிளைகளில் இப்போது புதுத் துளிர் விட்டிருக்கிறது.