டிரைசூட்டுக்குள் இன்னோர் அடுக்கு போட்டதும் குளிர் கூடிவிட்டது, ஏன்?

ஏரியாழம் (கேள்வி)

வணக்கம். டிரைசூட்டில் (உடம்பில் தண்ணீர் படாமல் காக்கும் முழுநீள மூழ்கல் உடை) மூழ்கத் தொடங்கி இது இரண்டாவது பருவம். நன்னீர் ஏரி. மேலே தண்ணீர் 14 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், 20 மீட்டருக்குக் கீழே போனால் மணிக்கட்டுக் கணினி 5, 6 என்று காட்டுகிறது. என் சூட் டிரைலேமினேட், அதாவது மூன்று அடுக்கு ஒட்டிய மெல்லிய துணி வகை. உள்ளே ஒரு பருத்தி பனியன், அதன்மேல் நடுத்தரத் தடிமனில் முழுநீள ஃபிளீஸ் (மென்மயிர்ச் செயற்கைத் துணி) உடை. இதில் அரைமணி நேரம் தாக்குப்பிடிப்பேன். பிறகு இடுப்புக்குப் பின்புறம் பட்டை கட்டியதுபோல் குளிர் ஏறும்.

போன வாரம் ஃபிளீஸ் உடைக்கு மேல் இன்னொரு ஃபிளீஸ் சட்டை, கால்சட்டை, கூடவே இரண்டு ஜோடி காலுறை என்று போட்டுக்கொண்டு இறங்கினேன். 20 நிமிடத்திலேயே பற்கள் தந்தியடித்தன. கால்விரல்கள் மரத்துப்போயின. கரையேறிச் சூட்டைக் கழற்றினால் பனியன் மார்பிலும் முதுகிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஃபிளீஸ் நனைந்திருக்கிறது. துணி கூடக் கூடக் கதகதப்பும் கூட வேண்டாமா? எந்த உள்ளுடை வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

குளிர்நீர்

6 டிகிரிக்கு ஃபிளீஸ் போதாது நண்பரே. சதுர மீட்டருக்கு 400 கிராம் தின்சுலேட் (குளிர் காக்கும் செயற்கை இழை அடுக்கு) உள்ளுடை ஒன்று வாங்கிவிடுங்கள். நான் பல குளிர்காலமாக அதைத்தான் அணிகிறேன், குறை ஒன்றும் இல்லை.

கரையோரம்

தின்சுலேட் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு அடுக்கில் ஒருவருக்குக் குளிர் கூடியிருக்கிறது என்றால், அவரை மூன்றாவதாக ஒன்றை வாங்கச் சொல்வதற்கு முன்னால் காரணத்தைத் தேட வேண்டும். ஏரியாழம், இவற்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இரண்டு ஃபிளீஸுடன் சூட்டை மாட்டிக்கொண்டு முழுதாகக் குந்தி உட்கார முடிந்ததா? கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டர் வால்வைத் தொட முடிந்ததா? மூழ்குவதற்கான ஈய எடை எவ்வளவு, எங்கே கட்டியிருந்தீர்கள்? இறங்கும்போது சூட்டுக்குள் காற்று விட்டீர்களா?

ஏரியாழம்

குந்தும்போது தொடையிலும் முழங்காலிலும் சூட் இறுக்கிப் பிடித்தது. வால்வு விரல்நுனிக்கு எட்டியும் எட்டாமலும் இருந்தது. ஈயம் எப்போதும்போல் இடுப்பு பெல்ட்டில்தான், அளவையும் மாற்றவில்லை. மேலே மிதந்துகொண்டே இருந்ததால் சூட்டிலிருந்த காற்றையெல்லாம் வெளியேற்றித்தான் இறங்க முடிந்தது. காற்று காலுக்குப் போய்க் கால் மேலே தூக்கிவிடுமோ என்ற பயத்தில், கீழே போன பிறகும் சூட்டுக்குள் அதிகம் விடவில்லை. மிதவை ஜாக்கெட்டில்தான் சமாளித்தேன். ஒன்று விட்டுப்போயிற்று: இறங்குவதற்கு முன் சூட்டுடன் முக்கால் மணி நேரம் வெயிலில் சிலிண்டர்களைச் சுமந்துகொண்டிருந்தேன்.

கரையோரம்

உங்கள் பதிலிலேயே எல்லாம் இருக்கிறது. டிரைலேமினேட் தண்ணீரைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. நம்மைக் காப்பது துணி இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். ஆகவே அந்தக் காற்றை நசுக்கினாலும், அந்த இடத்தில் ஈரத்தை விட்டாலும் உள்ளுடை வெறும் துணிதான். நீங்கள் இரண்டையும் செய்திருக்கிறீர்கள்.

முதலில் நசுங்கியதைச் சொல்கிறேன். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. மேலே சூட்டுக்குள் இருந்த காற்று, கூடுதலாக விடாமல் 20 மீட்டருக்குப் போனால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நீங்களோ நீர்மட்டத்திலேயே அதைக் காலி செய்துவிட்டீர்கள். ஏன் காலி செய்ய வேண்டியிருந்தது? தடித்த உள்ளுடை கூடுதல் காற்றைப் பிடித்து வைக்கிறது, ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோ மிதப்பு. ஈயத்தைக் கூட்டாமல் உடையை மட்டும் கூட்டினால், இறங்குவதற்காக நீங்கள் வெளியேற்றுவது அந்த உடை சேர்த்த கதகதப்பைத்தான். போதாததற்குச் சூட்டில் இடமில்லாமல் இரண்டு ஃபிளீஸும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டன. காலுறையும் அப்படித்தான். இரண்டு ஜோடியைச் சூட்டின் காலணிக்குள் திணித்தால் விரலைச் சுற்றிக் காற்றும் இருக்காது, விரலுக்கு இரத்தமும் ஒழுங்காகப் போகாது. விரலை உள்ளே ஆட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒரு ஜோடியைக் கழற்றுங்கள்.

இடுப்பில் ஏறும் அந்தப் பட்டை, உங்கள் ஈய பெல்ட் அழுத்தும் இடம் என்றே நினைக்கிறேன். எடையைச் சிலிண்டரைத் தாங்கும் முதுகுத் தகட்டுக்கோ ஜாக்கெட் பைகளுக்கோ கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

ஈரத்துக்கு வருவோம். மார்பிலும் முதுகிலும் இருந்தது கசிவல்ல, வியர்வை. முக்கால் மணி நேர வெயில்! பருத்தி அதை உறிஞ்சி விடாமல் வைத்துக்கொண்டது. பனியனை இன்றோடு விட்டுவிடுங்கள். தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ போதும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தோலுக்கு நனைந்த உணர்வைத் தராது. பாலியெஸ்டர் உறிஞ்சாமல் வெளி அடுக்குக்குக் கடத்திவிடும், சீக்கிரம் காயும். எதை அணிந்தாலும், சூட்டின் ஜிப்பைக் கடைசி நிமிடத்தில் மூடுங்கள்.

இடது கை மட்டும் வேறு கதை. சூட்டின் வெளியேற்று வால்வு ஒழுகினால் தோள்பட்டையிலிருந்து ஈரம் தொடங்கியிருக்கும். மணிக்கட்டிலிருந்து மேலே ஏறியிருப்பதால், அங்கே இறுக்கிப் பிடித்துத் தண்ணீரைத் தடுக்கும் சீல்தான் காரணம். மறுமுறை அணியும்போது அந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள்.

ஏரியாழம்

இப்போதுதான் வீட்டில் மாட்டிப் பார்த்தேன். ஃபிளீஸின் கைநுனி, ஒரு நகத்தளவு, லேடெக்ஸ் சீலுக்கு அடியில் எட்டிப்பார்க்கிறது! இத்தனை நாளும் அதைக் கவனிக்கவே இல்லை.

கரையோரம்

அந்த நகத்தளவு போதும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் ஏரியை உள்ளே இழுத்துவிடும். உள்ளுடையில் பெருவிரல் வளையம் இருந்தால், சீலை மாட்டியதும் அதைக் கழற்றிக் கைநுனியைப் பின்னால் தள்ளிவிடுங்கள். கையை இறுக்கி எதையும் பிடிக்கும்போது மணிக்கட்டில் தசைநாண்கள் புடைத்து, இரு பக்கமும் பள்ளம் விழும். அதன் வழியாகவும் சொட்டுச் சொட்டாக வரும். சீலை இரண்டு விரல் அகலம் மேலே ஏற்றிக்கொண்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

குளிர்நீர்

என் முதல் பதில் அவசரத்தில் எழுதியது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு விஷயம் சேர்க்கிறேன். புதிய ஃபிளீஸிலிருந்து உதிரும் பஞ்சு வெளியேற்று வால்வில் சிக்கினால் அதுவும் ஒழுகும், மூழ்கி வந்ததும் வால்வை நல்ல தண்ணீரில் அலசுங்கள். தடித்த உள்ளுடை வால்வின் உட்புறத்தை அடைத்துக்கொண்டால் ஏறும்போது காற்று வெளியேறாது. அது உயிருக்கே ஆபத்து. புது உடையை முதலில் ஆழமில்லாத நீரில் அணிந்து, காற்றை விட்டு, வெளியேற்றிப் பழகிக்கொள்ளுங்கள். துவைக்கும்போது துணி மென்மையாக்கியைச் சேர்க்காதீர்கள், அது இழைமேல் படிந்து ஈரம் கடத்தும் தன்மையைக் கெடுக்கும்.

ஏரியாழம்

நன்றி ஐயா. பேட்டரி வெப்பச் சட்டை வாங்கிவிட்டால் இத்தனை பாடும் இல்லையே என்று கூட மூழ்குபவர் சொல்கிறார். அதோடு, சூட்டுக்கு ஆர்கான் வாயு பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறார்.

கரையோரம்

ஆர்கான் காற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக வெப்பத்தைக் கடத்தும், உண்மைதான். ஆனால் உடை நசுங்கிக் கிடக்கும்போது எந்த வாயுவை நிரப்பி என்ன பயன்? இது பிறகு யோசிக்க வேண்டியது. ஹீலியம் கலந்த வாயுவை மட்டும் சூட்டுக்குள் விடவே கூடாது. ஹீலியம் காற்றைப்போல் ஆறு மடங்கு வெப்பத்தைக் கடத்தும்.

வெப்பச் சட்டையில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனை மூழ்கல் பிரிவு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அடியில் சூடாக இருந்துவிட்டு ஏறும் கட்டத்தில் குளிர்ந்தவர்களுக்கு அழுத்தநீக்க நோய் (ஏறும்போது அழுத்தம் குறைவதால் உடலில் வாயுக் குமிழ்கள் உருவாகி வருவது) கூடுதலாக வந்தது. பேட்டரி அடியில் வேலை செய்து, ஏறும்போது நின்றுபோனால் நீங்கள் அந்த நிலையில்தான் இருப்பீர்கள். பேட்டரி அணைந்தாலும் கரைசேரும் அளவுக்கு உள்ளுடை முதலில் அமையட்டும்.

ஏரியாழம் (இரண்டு வாரம் கழித்து)

நேற்று இறங்கினேன். மெல்லிய மெரினோ, அதன்மேல் பழைய ஃபிளீஸ் ஒன்றே ஒன்று, உடம்புக்கு மட்டும் கையில்லாத தின்சுலேட் மேலுடை, ஒரே ஜோடி கம்பளிக் காலுறை. கிட்டத்தட்டக் காலியான சிலிண்டருடன், சூட்டில் வசதியான அளவு காற்றை வைத்துக்கொண்டு, 5 மீட்டரில் நிற்க முடிகிறதா என்று சோதித்தேன். 2 கிலோ ஈயம் கூடுதலாகத் தேவைப்பட்டது. எடையில் பாதி இப்போது முதுகுத் தகட்டில். கால் தூக்கிவிடும் என்ற பயத்துக்காக, ஆழமில்லாத இடத்தில் உருண்டு நிமிர்வதைப் பத்துப் பதினைந்து முறை பழகிக்கொண்டேன்.

6 டிகிரியில் 43 நிமிடம்! ஏறியது குளிரால் அல்ல, காற்று குறைந்ததால். இடது மணிக்கட்டில் ஒரு விரல் அகலம் மட்டும் ஈரம். கை விரல்கள்தான் இன்னும் விறைக்கின்றன, தண்ணீர் உள்ளே புகும் ஈரக் கையுறைதான் அணிகிறேன்.

கரையோரம்

மிக்க மகிழ்ச்சி. 6 டிகிரியில் உலர் கையுறைக்கு மாறலாம். உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை போடுங்கள். சூட்டிலிருந்து காற்று போய்வர, மணிக்கட்டுச் சீலுக்கு அடியில் சிறு குழாய் வைப்பார்கள். அது இல்லாவிட்டால் கையுறை நசுங்கும். ஆனால் குழாய் இருக்கும்போது கையுறை கிழிந்தால் அதே வழியாகக் கை முழுவதும் நனையும். ஆகவே முதல் சில முறை கரைக்கு அருகிலேயே இருங்கள்.