அப்பாவின் மொபிலிட்டி ஸ்கூட்டர்: நடைபாதையில் ஒரே ஏச்சு, ரோட்டில் விடலாமா?

ஈஸ்ட்ஹாம் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 76 வயது. பாரிசவாதம் வந்ததிலிருந்து வலது கால் இழுக்கும், வாசல் கேட் தாண்டினால் களைத்துவிடுவார். போன வருஷம் ஒரு சின்ன மொபிலிட்டி ஸ்கூட்டர், நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டும் மின்சார வண்டி, வாங்கிக் கொடுத்தோம். வீட்டுக்குள்ளேயே இருந்த மனுஷன் அதற்குப் பிறகு தானே போய் மரக்கறி வாங்கி வந்தார், வெள்ளிக்கிழமைகளில் மேனர் பார்க் முருகன் கோயிலுக்கும் போனார், முகமே மாறிவிட்டது.

ஆனால் இங்கே லண்டன் ஈஸ்ட்ஹாமின் கடைத்தெரு, ஹை ஸ்ட்ரீட் நார்த், எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, சனிக்கிழமை என்றால் நடக்கவே இடமில்லை. மூன்று கிழமைக்கு முன் ஒரு கடையிலிருந்து ஒரு பெண், தன் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சட்டென்று வெளியே வந்திருக்கிறார். அப்பா நிறுத்திவிட்டார், ஆனாலும் ஸ்கூட்டரின் கூடை தள்ளுவண்டியில் முட்டிவிட்டது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அதற்குள் நாலு பேர் கூடி ஏசி, ஒருவர் "இதை ரோட்டில் கொண்டுபோய் ஓட்டு" என்று கத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அப்பா சாவியைத் தொடவில்லை. தம்பியும் இப்போது ரோட்டிலேயே விடலாம் என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது? ஹார்ன் அடித்துக்கொண்டே போகலாமா? ஓட்டுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நாலு சில்லு:

தங்கச்சி, முதலில் தம்பியை நிறுத்துங்கள். சின்ன ஸ்கூட்டர் என்றால் அநேகமாக அது இரண்டாம் வகுப்பு, மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓடாது, அது நடைபாதைக்கு உரியது. ரோட்டைக் கடக்கலாம், நடைபாதையே இல்லாத இடத்தில் ரோட்டில் போகலாம், அவ்வளவுதான். ரோட்டில் 8 மைல் வரை போகக்கூடியது மூன்றாம் வகுப்பு, அதை வாகனங்களைப் பதியும் அரசு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வில் பதிய வேண்டும், லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, ஹார்ன் எல்லாம் இருக்க வேண்டும், அதுவும் நடைபாதைக்கு ஏறினால் 4 மைலுக்குக் குறைத்தாக வேண்டும். அப்பாவை ரோட்டுக்கு அனுப்பச் சொன்ன ஆளுக்கு விஷயம் தெரியவில்லை.

நான் ஹரோவில் ஒன்பது வருஷமாக ஓட்டுகிறேன், எனக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்களிரோசிஸ்) என்ற நரம்பு நோய். நான் கண்ட உண்மை, 4 மைல் என்பது சட்டம் விடுகிற உச்சம், நெரிசலில் அது மிக வேகம். சாதாரணமாக ஒரு ஆள் நடப்பதே 3 மைல்தான். ஹேண்டிலில் ஒரு பக்கம் ஆமையும் மறுபக்கம் முயலும் போட்ட திருகு இருக்கும், கடைத்தெருவுக்குள் நுழையும் முன்பே அதை ஆமைக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். வண்டியை ஓட்ட அழுத்துகிற லீவரை விட்டால் வண்டி தானே நிற்கும், ஆனால் பதறிப்போனால் கை லீவரை விடாமல் இறுக்கிப் பிடித்துவிடும், எனக்கும் அப்படி நடந்திருக்கிறது, ஒரு கடைக்காரரின் தக்காளிப் பெட்டி முழுக்கக் கொட்டியது. அதற்குப் பிறகுதான் காலையில் ஆளில்லாத பூங்காவில் லீவரை விட்டு நிறுத்திப் பழகினேன். அப்பாவையும் ஒரு பத்து நாள் அப்படிக் கூட்டிப்போங்கள்.

கடை வாசல்களை ஒட்டிப் போக வேண்டாம். உள்ளே இருந்து வருகிறவர்கள் நின்ற உயரத்தில்தான் பார்ப்பார்கள், உட்கார்ந்திருக்கிற நாங்கள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. பின்னால் ஒரு நீளக் கம்பியில் கொடி கட்டினால் பெரிய வித்தியாசம். அப்புறம், இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை, ஆனாலும் மற்றவருக்கு அடிபட்டால் ஈடு கொடுக்கிற ஒன்றை எடுத்துவிடுங்கள், அப்பாவுக்கே மனத் தைரியம் வரும்.

வெள்ளைப் பிரம்பு:

ஹார்ன் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். எனக்குப் பார்வை இல்லை. மின்சார ஸ்கூட்டர் வருவதே கேட்காது, பக்கத்தில் வந்ததும் பீப் என்று அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று எப்படித் தெரியும்? நான் அப்படியே உறைந்து நிற்பேன், சில நேரம் தப்பான பக்கம் காலை வைத்துவிடுவேன். ஒருமுறை என் பிரம்பு முன் சில்லில் மாட்டி முறிந்தது, ஓட்டியவர் நின்றுகூடப் பார்க்கவில்லை. அது இன்னும் மனதில் இருக்கிறது.

வாயைத் திறந்து "உங்கள் வலப்பக்கமாக வருகிறேன்" என்று சொன்னால் போதும். குரல் எங்கிருந்து வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடும் நடப்பவர்களுக்கு முதலிடம் கொடுக்கச் சொல்கிறது, குறிப்பாகப் பார்வையோ கேட்கும் திறனோ குறைந்தவர்கள் வண்டி வருவதை அறியாமல் இருக்கலாம் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. உங்கள் அப்பா நிறுத்தினார், அதனால் அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, அவர் திரும்ப வெளியே வர வேண்டும்.

எடின்பரோ தமிழன்:

எல்லோரும் ஓட்டுகிறவரையும் நடக்கிறவரையும் பற்றியே பேசுகிறீர்கள். இடத்தை உண்மையில் பிடித்து வைத்திருப்பது காரும் குப்பைத்தொட்டியும் கடைக்கு வெளியே அடுக்கிய பெட்டிகளும்தான். இங்கே எடின்பரோவில் 2024 ஜனவரியிலிருந்து நடைபாதையில் கார் நிறுத்தினால் 100 பவுண்ட் அபராதம், 14 நாளுக்குள் கட்டினால் 50. ரோட்டைக் கடக்க வசதியாக இறக்கிக் கட்டிய நடைபாதை விளிம்புகளை மறித்து நிறுத்தினாலும் அதே அபராதம். நான் அம்மாவை வீல்செயாரில் தள்ளுகிறவன், அதற்கு முன்பு எங்கள் தெருவில் ஒவ்வொரு நாளும் காரைச் சுற்றி ரோட்டுக்கு இறங்கி ஏறினேன். ஸ்கூட்டரில் அது இன்னும் மோசம், விளிம்பில் சரிவாக ஏறினால் கவிழும், நேராக வந்துதான் ஏற வேண்டும்.

லண்டனில் நடைபாதையில் கார் நிறுத்த 1974 முதலே தடை இருக்கிறது, பலகை வைத்து அனுமதித்த தெருக்களைத் தவிர. ஆகவே அக்கா, அப்பா போகிற வழியை ஒருநாள் நீங்களே நடந்து, எங்கெங்கே மறிக்கிறது என்று படம் எடுத்துக் கவுன்சிலுக்கு அனுப்புங்கள். ஒரு படத்துக்கு அசையமாட்டார்கள், விடாமல் அனுப்ப வேண்டும். தள்ளுவண்டிக்காரப் பெண்ணுக்கும் அதே இடம்தான் தேவை.

ஈஸ்ட்ஹாம் மகள்:

எல்லோருக்கும் நன்றி, மூன்று பதிலையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிரம்பு முறிந்த இடத்தில் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னார். வண்டியைப் பார்த்தோம், திருகு முயல் பக்கம் முழுதாகத் திரும்பி இருந்தது, வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் ஓட்டியிருக்கிறார், விற்றவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாளை காலை ஏழு மணிக்குப் பூங்காவுக்குப் போகிறோம். வலது கைதான் கொஞ்சம் பலம் குறைவு, லீவரை இடது கைக்கு மாற்ற முடியுமா என்று நாலு சில்லு அக்கா தெரிந்தால் சொல்லுங்கள்.

நாலு சில்லு:

பல வண்டிகளில் லீவர் இரண்டு பக்கமும் இருக்கும், ஒரு பக்கம் முன்னுக்கு, மறுபக்கம் பின்னுக்கு. பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனால் சில மாடல்களில் அதை மாற்றிப் பூட்டித் தருவார்கள். மாடல் பெயரைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.